சிக்னல் விளையாட்டுக்கு அடுத்த வரைபடம்: நெரிசலான கிராமப்புறப் பகுதி எது?

கைகாட்டிக்காரன்
ரயில் சிக்னல்களைக் கணினியில் இயக்கும் நம் விளையாட்டின் முதல் வரைபடம் ஒரு பெருநகர முனையம். விளையாடியவர்கள் அநேகமாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ரயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கை ஓயாமல் சொடுக்குகிறது, ஆனால் மூளைக்கு வேலை இல்லை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு என்று அட்டவணையே சொல்லிவிடுகிறது. நாம் தட்டச்சர் மாதிரி அதை நிறைவேற்றுகிறோம்.

அதனால் அடுத்தது கிராமப்புறம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மணிக்கு ஒரு ரயில் வந்து போகிற கிளைப்பாதையைக் கொடுத்தால் யாரும் விளையாட மாட்டார்கள். சுற்றிலும் வயல்வெளி இருக்க வேண்டும், தண்டவாளத்தில் மட்டும் நெரிசல் இருக்க வேண்டும். இம்முறையும் பிரிட்டனையே எடுக்கிறோம். அங்கே ரயில் அட்டவணை முதல் சிக்னல் பெட்டிகளின் (சிக்னல்களை இயக்கும் அறைகளின்) ரயில் நகர்வு வரை, தண்டவாளங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரெயில் பொதுவில் தருகிறது. தகவலுக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

பட்டியலில் இருப்பவை: செட்டில் – கார்லைல் பாதை, ஷ்ரூஸ்பரி, வெஸ்ட்பரி. என் மனம் செட்டில் – கார்லைல் பக்கம் சாய்கிறது. மலை, ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகள், பழைய கைகாட்டிகள் என்று பெயரைக் கேட்டாலே ஆள் வருவார்கள். உங்கள் கருத்து?

நெம்புகோல்
ஷ்ரூஸ்பரி. வேறு பேச்சே வேண்டாம். செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் பெட்டி 1903இல் கட்டியது; 180 நெம்புகோல்கள் கொண்ட சட்டகம். உலகில் இன்றும் வேலை செய்யும் நெம்புகோல் பெட்டிகளில் அதுதான் மிகப் பெரியது. செஸ்டர், குரூ, வுல்வர்ஹாம்ப்டன், ஹெரிஃபோர்டு, அபெரிஸ்ட்வித் என ஐந்து திசைகள். நகரைத் தாண்டினால் ஆடு மேய்கிற நிலம். இதைவிட என்ன வேண்டும்?

பழைய எஸ்எம்
கைகாட்டிக்காரன் தம்பிக்கு: ரிபிள்ஹெட் பாலம் அழகுதான். ஆனால் சிக்னல்காரனுக்கு அது திரையில் ஒரு கோடு. ரயிலில் போகிறவன் மலையைப் பார்ப்பான். நீங்கள் விளையாடக் கொடுக்கப்போவது பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனின் வேலையை.

அந்தப் பாதை ஒரு காலத்தில் உண்மையிலேயே நெரிசலாக இருந்தது. ஹாஸ் ஜங்ஷனில் (இன்றைய கார்ஸ்டேல்) மேட்டில் ஏற உதவிய துணை எஞ்சின்களைத் திருப்பி அனுப்புவார்கள். 1910 டிசம்பர் 24 விடியற்காலையில் அப்படிப்பட்ட இரண்டு எஞ்சின்களைப் பிரதான பாதையில் சிக்னலுக்கு நிறுத்திவைத்த சிக்னல்காரர், வேலை மும்முரத்தில் அவற்றை மறந்தார். பின்னால் ஸ்காட்லாந்து போகிற இரவு விரைவு ரயிலுக்குச் சிக்னல் இறக்க, எஞ்சின்களும் அதே சிக்னலைத் தங்களுக்கென்று எண்ணிக் கிளம்பின. விரைவு ரயில் அவற்றைப் பின்னாலிருந்து முட்டியது. 12 பேர் இறந்தார்கள். அந்த வேலைச்சுமை இன்று அங்கே இல்லை. இன்றைய அட்டவணையைப் போட்டால் விளையாடுபவர் கொட்டாவி விடுவார்.

நான் சிக்னல் பேனலில் உட்கார்ந்தவன். ஒரு பகுதி 'பிஸி'யா என்பதை ரயில்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு ரயில்கள் ஒரே பாயிண்டை (தடம் மாற்றும் இடத்தை) ஒரே நேரத்தில் கேட்கும்போது எதை நிறுத்துவது என்று நானே தீர்மானிக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒரு ஷிஃப்டில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. அதை வைத்து இடத்தைத் தேடுங்கள்.

விழுப்புரம் வாசி
ஐந்து திசை வேண்டுமென்றால் இங்கிலாந்து வரை எதற்குப் போக வேண்டும்? விழுப்புரத்தில் சென்னை, விருத்தாசலம் – திருச்சி, கடலூர் – மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை – காட்பாடி என்று ஐந்தும் இருக்கிறதே. எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் தென்மாவட்ட ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகிற நேரத்தைப் போட்டாலே போதும்.

கைகாட்டிக்காரன்
விழுப்புரம் வாசி, உங்கள் ஊர் என் ஆசைப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. பயணிகள் ரயில் நேரம் யாருக்கும் கிடைக்கும். சரக்கு ரயில், காலி ரேக், யார்டில் சிக்னல்கள் நிற்கும் சரியான இடம், லூப் லைனின் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதையின்) நீளம் இவற்றைப் பொதுவில் உள்ளதை வைத்து நேர்மையாக வரைய முடியாது. பாதி ஊகத்தில் வரைந்தால் முதலில் திட்டப்போவது நீங்கள்தான். பிறகு பார்ப்போம்.

கேம்பிரிட்ஜ் கடுகதி
இப்போதுதான் இந்த இழையைக் கண்டேன். ஒருவரும் ஈலியைச் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

நான் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில். எங்களுக்கு வடக்கே ஃபென்ஸ் என்கிற பெரிய சமவெளி. சதுப்பு நிலத்தை வற்றவைத்துக் கமம் செய்கிற பூமி. அதன் நடுவே ஒரு பேராலயமும் ஏறக்குறைய 20,000 சனங்களும் கொண்ட சின்ன ஊர்தான் ஈலி. அந்த ஊருக்கு ஐந்து பக்கமிருந்து புகையிரதம் வருகிறது: தெற்கே கேம்பிரிட்ஜ், தென்கிழக்கே சோஹம் வழியாக இப்ஸ்விச், மேற்கே பீட்டர்பரோ, வடக்கே கிங்ஸ் லின், கிழக்கே நோரிச். நிலையத்தில் இருப்பது மூன்று மேடைகள்.

வடக்குப் பக்கத்து மூன்று பாதைகளும் ஈலி நோர்த் ஜங்ஷன் என்ற ஒரே இடத்தில் பிரிகின்றன. மேம்பாலம் கிடையாது, எல்லாம் தரைமட்டச் சந்திப்பு. 1992இல் லின் பாதையை மின்மயமாக்கியபோது சிக்கனம் பார்த்து அந்தச் சந்திப்பைச் சுருக்கிவிட்டார்கள். எதிரெதிர்த் திசையில் போகிற இரண்டு வண்டிகள் ஒரே துண்டுத் தண்டவாளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதை விரிவாக்க வேண்டும் என்று பல வருடங்களாகப் பேசுகிறார்கள்.

இனி அதன் ஊடே போவது என்னவென்று பாருங்கள். லண்டன் – கிங்ஸ் லின் மின்வண்டி. பர்மிங்ஹாம் – ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய வண்டி. நோரிச் – கேம்பிரிட்ஜ் வண்டி. இப்ஸ்விச் – பீட்டர்பரோ வண்டி. லிவர்பூல் – நோரிச் வண்டி. இவற்றுக்கு இடையில் ஃபீலிக்ஸ்டோவ் துறைமுகத்திலிருந்து மத்திய இங்கிலாந்துக்கும் வடக்கே யோர்க்ஷயருக்கும் போகிற கொள்கலன் வண்டிகள். பிரிட்டனின் மிகப் பெரிய கொள்கலன் துறைமுகம் அது. அதன் சரக்கில் ஒரு பெரும் பங்கு இந்தச் சின்ன ஊரின் மேடை ஓரமாகத்தான் ஊர்ந்து போகிறது.

நெம்புகோல்
ஐந்து திசைகள் ஷ்ரூஸ்பரியிலும் உண்டே. மூன்று நடைமேடை உள்ள நிலையத்தில் என்ன பெரிய சிக்கல் வந்துவிடப்போகிறது?

கேம்பிரிட்ஜ் கடுகதி
ஒரு பத்து நிமிடத்தை எடுத்துச் சொல்கிறேன்.

லிவர்பூலிலிருந்து நோரிச் போகிற வண்டி பீட்டர்பரோ பக்கமிருந்து நோர்த் ஜங்ஷனைத் தாண்டி ஈலி மேடைக்கு வருகிறது. அங்கே சாரதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போக வேண்டும், ஏனென்றால் நோரிச் பாதை அவர் வந்த பக்கத்திலேதான் இருக்கிறது. மேடையைச் சில நிமிடம் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி, அதே நோர்த் ஜங்ஷனை இரண்டாம் முறை கடந்து கிழக்கே போகும். எதிர்த்திசை வண்டியும் அப்படியே. ஒரே வண்டி ஒரே சந்திப்பை இருமுறை தின்கிறது.

இப்போது சோஹம் பக்கம். சோஹத்திலிருந்து, அந்தப் பாதை ஈலிக்குத் தெற்கே வந்து சேர்கிற ஈலி டொக் ஜங்ஷன் வரை ஒற்றைப் பாதை. ஃபீலிக்ஸ்டோவிலிருந்து ஒரு கொள்கலன் வண்டி சோஹத்துக்கு அப்பால் வந்து நின்று 'விடு' என்கிறது. அதே துறைமுகத்துக்குப் போகிற இன்னொன்று ஈலியில் நிற்கிறது. வருகிறதைத் தாமதமின்றி உள்ளே விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஒற்றைப் பாதையின் முடிவுக்கு வருகிற நேரம் ஈலியில் ஒரு மேடையில் நோரிச் வண்டி, இன்னொன்றில் லின் வண்டி, மீதி இடத்தில் துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் வண்டி. வந்தது உள்ளே நுழைய இடமில்லை. போக வேண்டியது வெளியேற முடியாது, ஏனென்றால் ஒற்றைப் பாதையை வந்தது அடைத்திருக்கிறது. லின் வண்டியை வடக்கே தள்ளி இடம் பண்ணலாம் என்றால் நோர்த் ஜங்ஷனில் பர்மிங்ஹாம் வண்டி குறுக்கே வருகிறது.

இத்தனைக்கும் வண்டிகளின் எண்ணிக்கை லண்டன் முனையம் ஒன்றின் கால்வாசிகூட இராது.

பழைய எஸ்எம்
இதைத்தான் சொன்னேன். வருகிற வண்டியை சோஹத்துக்கு அப்பாலேயே நிறுத்தி, போகிற வண்டியை முதலில் விட்டிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் அந்த முடிவை முட்டுக்கட்டை விழுவதற்குப் பல நிமிடம் முன்னாலேயே எடுக்க வேண்டும், அப்போது திரையில் ஆபத்தின் அறிகுறியே இருக்காது. எங்கள் காலத்தில் கண்ட்ரோலரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டியது எல்லாம் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்.

லூப் லைன்
வெஸ்ட்பரிக்கு ஒரு குரலும் இல்லையா? மெண்டிப் மலையின் மெர்ஹெட், வாட்லி குவாரிகளிலிருந்து சுண்ணாம்புக்கல் சுமந்து வருகிற ரயில்கள், பிரிட்டனிலேயே மிகக் கனமான சரக்கு ரயில்களில் சேர்ந்தவை. ரெடிங் – டாண்டன் விரைவுப் பாதையும் பாத் – சால்ஸ்பரி பாதையும் அங்கே குறுக்கிடுகின்றன. வில்ட்ஷயர் கிராமப்புறம். எனக்கு ஈலியைவிட இது பிடிக்கும்.

பழைய எஸ்எம்
வெஸ்ட்பரி நல்ல இடம்தான், லூப் லைன். ஆனால் அங்கே ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நிற்காத விரைவு ரயில்கள் அதன் வழியே நழுவிப் போய்விடும். ஃப்ரோமிலும் அதே ஏற்பாடு. சிக்கலை எஞ்சினியர் ஏற்கெனவே பாதி தீர்த்துவிட்டார். எனக்குத் தீர்க்காத இடம்தான் வேண்டும்.

ஷ்ரூஸ்பரி பற்றி: நெம்புகோல் இழுக்கிற சுகம் கையில்தான் இருக்கிறது, சுட்டியில் கிடையாது. மேலும் அங்கே பெரும்பாலும் பயணிகள் ரயில். ஒரு மணி நேரத்தைக் கற்றுக்கொண்டால் அடுத்த மணியும் அச்சாக அதேதான். சரக்கு கலந்தால்தான் நாள் ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும்.

நெம்புகோல்
எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் சரக்கு விஷயம் நியாயமானது.

கேம்பிரிட்ஜ் கடுகதி
சரக்கு என்றதும் மணல் வண்டி ஞாபகம் வருகிறது. கிங்ஸ் லின்னுக்குக் கிழக்கே மிடில்டன் டவர்ஸ் என்று ஓர் இடம். பழைய டெரம் பாதையில் மிஞ்சிய துண்டு. அங்கிருந்து கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு மணல் போகிறது. முதலில் கிங்ஸ் லின்னில் எஞ்சினை மறுமுனைக்கு மாற்ற வேண்டும். பிறகு தெற்கே ஈலி வரை வர வேண்டும். லின்னிலிருந்து பீட்டர்பரோ பக்கம் நேராகத் திரும்ப வளைவு இல்லாததால், ஈலியில் இரண்டாம் முறை எஞ்சினை மாற்றிக்கொண்டு நோர்த் ஜங்ஷன் வழியே மேற்கே போக வேண்டும். வருகிற வழியில் லின் பாதையில் இரண்டு ஒற்றைத் துண்டுகள்: வாட்லிங்டன் – கிங்ஸ் லின் ஒன்று, லிட்டில்போர்ட் – டவுன்ஹம் மார்க்கெட் இன்னொன்று. மின்வண்டிகளுக்கு இடையில் இந்த மணலை நகர்த்துவதே தனி விளையாட்டு.

பீட்டர்பரோவையும் நோரிச்சையும் நேராக இணைக்கிற வளைவு மட்டும் இருக்கிறது, ஈலி வெஸ்ட் கேர்வ். லிவர்பூல் வண்டி பிந்தி வந்தால் அந்த வழியே அனுப்பி, மேடையையும் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஈலியில் இறங்கிக் கேம்பிரிட்ஜுக்கு மாற வேண்டிய சனங்களை என்ன செய்வது? விளையாட்டில் கண்ட்ரோலின் அனுமதி கேட்டுத்தான் அப்படிச் செய்யலாம் என்று வைத்தால் நன்றாக இருக்கும்.

கைகாட்டிக்காரன்
நான் கட்சி மாறிவிட்டேன். ஈலி.

இனி எல்லையை எங்கே வெட்டுவது என்ற கேள்வி. என் யோசனை: தெற்கே வாட்டர்பீச், தென்கிழக்கே சிப்பன்ஹம் ஜங்ஷன், மேற்கே மனேயா, வடக்கே கிங்ஸ் லின் முழுவதும், கிழக்கே பிராண்டன்.

பழைய எஸ்எம்
கிழக்கும் தெற்கும் சரி. மேற்கை மனேயாவில் வெட்டாதீர்கள், மார்ச் வரை போங்கள். எல்லையில் ரயில் தோன்றிச் சந்திப்புக்கு வருவதற்குள் யோசிக்க அவகாசம் வேண்டும். அதே நேரம், தோன்றும்போதே அதன் தாமதம் தெரியவும் வேண்டும். சரக்கு ரயில் நேரத்துக்கு வரும் என்று நம்பி எவனும் திட்டம் போட மாட்டான். முன்கூட்டியும் வரும், பிந்தியும் வரும், அட்டவணையில் இடம் இருந்தும் சில நாள் வராமலே போகும்.

கேம்பிரிட்ஜ் கடுகதி
ஐயா சொல்வதுபோல மார்ச் வரை எடுத்தால் இன்னொரு லாபம். ஈலி நகரம் கேம்பிரிட்ஜ் பெட்டியின் கையில் இருக்கும்போதும், பீட்டர்பரோ போகிற வழியில் மனேயா, மார்ச், விட்டில்சி என்று பழைய நெம்புகோல் பெட்டிகள் நெடுங்காலம் நீடித்தன. அவை ஒன்றுக்கொன்று மணியடித்துத்தான் வண்டியைக் கைமாற்றும். ஆகவே அந்தப் பக்கம் வண்டிகளை நெருக்கமாகப் பின்னால் பின்னால் அனுப்ப முடியாது. நெம்புகோல் நண்பருக்கும் ஆறுதலாக இருக்கும்.

நெம்புகோல்
மார்ச் வருகிறதென்றால் 1970களின் அட்டவணையைப் போடுங்களேன்! அப்போது மார்ச்சிலிருந்து ஸ்பால்டிங் வழியாக வடக்கே போகிற பாதை இருந்தது, 1982இல்தான் மூடினார்கள். வைட்மூர் யார்டு இருந்தது. ஈலியிலேயே நோர்த், சவுத், டொக் என்று தனித்தனிப் பெட்டிகள். இன்று வைட்மூர் யார்டின் ஒரு பகுதியில் சிறைச்சாலை நிற்கிறது.

கைகாட்டிக்காரன்
ஆசை புரிகிறது. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிகள் எல்லாம் தனித்தனி ஆட்கள். ஒருவரே எல்லாவற்றையும் சுட்டியால் இயக்குவது பொய்யாகிவிடும். பலர் சேர்ந்து விளையாடும் வசதி வந்த பிறகு பழைய காலத்தைத் தொடலாம். முதல் பதிப்புக்கு 2017 வாக்கில் உள்ள ஒரு வாரநாள்.

லூப் லைன்
ஏன் 2017? புதிய அட்டவணையைப் போடலாமே.

கேம்பிரிட்ஜ் கடுகதி
நான் பதில் சொல்லலாமா? 2018 அக்டோபரில் ஈலியின் தெற்குப் புறவழிச்சாலையைத் திறந்தார்கள். அதுவரை நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஏ142 வீதியின் கடவை இருந்தது. கடவை மூடியிருந்தால் கார்கள் பக்கத்திலுள்ள தாழ்ந்த பாலத்துக்கு அடியால் போகும், பாரவண்டிகள் முடியாது. முடியும் என்று நினைத்த சாரதிகளால்தான் நாட்டிலேயே அதிகம் இடிபட்ட பாலங்களில் ஒன்று என்ற பெயர் அதற்கு வந்தது. பாலத்தில் பாரவண்டி மோதினால் பரிசோதனை முடியும்வரை மேலே வண்டி விட முடியாது. விளையாட்டில் எதிர்பாராத சம்பவம் வேண்டுமென்றால் இதைக் கற்பனை பண்ணவே தேவையில்லை.

சோஹத்தில் நிலையம் திரும்பத் திறந்தது 2021 டிசம்பரில். ஆகவே 2017இல் இப்ஸ்விச் வண்டி அங்கே நிற்காது. ஒற்றைப் பாதையை இன்னும் வேகமாகக் காலிசெய்துவிடும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் வாசி
சோஹம் என்றால் குண்டு ரயில் வெடித்த ஊர்தானே?

பழைய எஸ்எம்
அதேதான். 1944 ஜூன் 2, நள்ளிரவு தாண்டி. வெடிகுண்டு ஏற்றிய ரயிலில் எஞ்சினை அடுத்த வேகன் தீப்பிடித்தது. ஓட்டுநர் கிம்பர்ட் நிறுத்தினார். ஃபயர்மேன் (எஞ்சினுக்குக் கரி போடுபவர்) நைட்டால் இறங்கி, எரிகிற வேகனை மற்ற வேகன்களிலிருந்து கழற்றினார். அதை மட்டும் ஊருக்கு வெளியே இழுத்துப்போகப் பார்த்தார்கள், நிலையத்தருகே வெடித்தது. நைட்டால் அங்கேயே இறந்தார், கிம்பர்ட் பிழைத்தார். இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப்பதக்கம் கொடுத்தார்கள். நடைமேடைக்கு வந்து நின்ற சிக்னல்காரர் பிரிட்ஜஸும் இறந்தார். அவர் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். தண்டவாளத்தை அன்று இரவுக்குள் மறுபடி போட்டு ரயில் விட்டார்கள்.

கைகாட்டிக்காரன்
வரைபடத்தின் குறிப்பில் மூவர் பெயரையும் சேர்க்கிறேன். அதை விளையாட்டுச் சம்பவமாக யாரும் கேட்க வேண்டாம்.

மீதி ஒரு சந்தேகம். குவீன் அடிலெய்ட் என்ற இடத்தில் வரைபடத்தில் மூன்று ரயில்வே கேட்டுகள் அடுத்தடுத்துத் தெரிகின்றன. தவறாக வரைந்திருக்கிறார்களா?

கேம்பிரிட்ஜ் கடுகதி
தவறில்லை. நோர்த் ஜங்ஷனில் பிரிந்த மூன்று பாதைகளையும் பி1382 என்ற ஒரே வீதி ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது: முதலில் பீட்டர்பரோ, பிறகு லின், பிறகு நோரிச். மூன்றுக்கும் இடையில் வீடுகள் இருக்கின்றன. சந்திப்பை விரிவாக்கி வண்டிகளைக் கூட்டினால் இந்தச் சனங்கள் கேட்டுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வார்கள் என்பதும் அந்தத் திட்டம் இழுபடுவதற்கு ஒரு காரணம். விளையாடுபவருக்கு வீதி தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு கேட் அதிக நேரம் மூடிக் கிடந்தால் புள்ளியைக் குறையுங்கள். அப்போதுதான் கொள்கலன் வண்டியைச் சந்திப்புக்கு வெளியே நிறுத்திவைப்பது இலவசம் இல்லை என்று புரியும்.

பழைய எஸ்எம்
புள்ளி குறைப்பதை மெதுவாக ஏறுகிற மாதிரி வையுங்கள். எடுத்த எடுப்பில் தண்டித்தால், ஆட்கள் கேட்டைக் காப்பாற்றப் பார்த்து ரயிலைத் தவறான வரிசையில் விடுவார்கள். வேலையில் முதலிடம் ரயிலுக்குத்தான்.

கைகாட்டிக்காரன்
சரி. சோதனைப் பதிப்பில் ஈலியும் சோஹமும் மட்டும் இருக்கும். லின் பாதையும் மார்ச்சும் அடுத்த கட்டம். நடைமேடை நீளம், சிக்னல் எண்கள் சரிபார்க்க ஆள் வேண்டும். கடுகதி அண்ணா, முதல் வரைவை உங்களுக்கு அனுப்பலாமா?

கேம்பிரிட்ஜ் கடுகதி
அனுப்புங்கள். டொக் ஜங்ஷன் பக்கத்தை முதலில் பார்க்கிறேன்; அங்கே சிக்னல் ஒன்று இடம் மாறினாலும் நான் சொன்ன முட்டுக்கட்டை விழாது.

நெம்புகோல்
மார்ச் பெட்டிகளின் மணிக் குறியீடுகளை நான் தொகுத்துத் தருகிறேன். ஷ்ரூஸ்பரியை விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.